யாருடைய அணி?

எங்களுள் எவரும் கூடைப்பந்து ஆடியவர் அல்லர். பள்ளி நாட்களில் சிலர் கபடி ஆடினோம், சிலர் கிரிக்கெட். ஒருவர் மட்டும் கல்லூரி விடுதியில் இறகுப்பந்து ஆடிக் கோப்பை வாங்கியவர். ஆயினும் 2000ஆம் ஆண்டு தொடங்கி இன்று வரை, சியாட்டில் நகரின் வடபகுதியிலுள்ள ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து, வேறெதைப் பற்றியும் பேசியதைவிடக் கூடைப்பந்தைப் பற்றியே நாங்கள் மிகுதியாகப் பேசியிருக்கிறோம். புதுமைப்பித்தனா மௌனியா என்று ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்ததுண்டு. அந்த வழக்கு தேதி குறிக்கப்படாமல் தள்ளிவைக்கப்பட்டது. கூடைப்பந்து வழக்கோ வாராவாரம் விசாரணைக்கு வந்தது. இலக்கியம் பேசும் இடத்தில் இதை எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்த வீடு அக்காவுடையது. அண்ணன் திருநெல்வேலிக்காரர், அக்கா பொது நூலகத்தில் பணிபுரிந்தார். எங்களுக்கெல்லாம் மூத்தவர்கள், எங்களுக்கு வெகு முன்பே வந்து குடியுரிமை பெற்றவர்கள். மற்றவர்கள் ஏரியின் மறுகரையிலிருந்து மிதவைப் பாலத்தைக் கடந்து சனிக்கிழமைதோறும் அங்கே போய்ச் சேருவோம். அண்ணன் தொலைக்காட்சியில் ஆட்டத்தை வைத்திருப்பார். சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ், ஊர் வழக்கில் சோனிக்ஸ். 1967இல் தொடங்கிய அணி. 1979இல் ஒரே ஒருமுறை வாகை சூடியது. 1996இல் இறுதிச் சுற்றில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோவிடம் தோற்றது. ஊருக்குப் புதியவர்களான எங்களிடம் அண்டை வீட்டாரும் அலுவலகத்தாரும் பேசிய முதல் உள்ளூர்ச் செய்தி, மழைக்கு அடுத்தபடியாக, அந்த அணிதான்.

எங்கள் வாதங்கள் மூன்று வகைப்படும். எந்த ஆட்டக்காரரைக் கொடுத்து எவரை வாங்குவது என்பது முதலாவது. உரிமையாளர் செய்தது முறையா என்பது இரண்டாவது. அந்த ஆண்டின் மிகு மதிப்புடைய ஆட்டக்காரர், அதாவது எம்.வி.பி., எவர் என்பது மூன்றாவது. இவை தனித்தனி வாதங்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

*

பரிமாற்ற வாதத்தில் எங்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். கோவைக்காரர், தகப்பனார் மில் ஒன்றில் கணக்கெழுதியவர். தாமும் மென்பொருள் எழுதுபவராயினும், மனத்தளவில் கணக்கரே. கெட்டி அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றை வைத்திருந்தார். பேரேடு என்று நாங்கள் அதற்குப் பெயரிட்டோம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. சோனிக்ஸ் செய்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அதில் பதிந்துவைப்பார். செய்யத் தவறியவற்றுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு.

அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வில் ஆட்டக்காரரை வெறும் விலை கொடுத்து வாங்குவது அரிது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாற வேண்டும். இருபுறமும் போகும் ஊதியங்கள் ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். அணி மொத்தமாகக் கொடுக்கும் ஊதியத்துக்கு வரம்பு உண்டு. ஓர் எல்லைக்கு மேல் போனால் அபராத வரி உண்டு. ஆண்டுதோறும் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வரும்போது, இன்னும் எவரென்றே தெரியாத ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கூடப் பண்டமாக மாற்றிக்கொள்ளலாம். எங்கோ பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் சிறுவன் ஒருவன், தான் அறியாமலே, ஒரு கிழ ஆட்டக்காரருக்கு ஈடாக வைக்கப்பட்டிருப்பான். இதைக் கோவைக்காரர் விளக்கும்போது அவர் கண்களில் ஓர் ஒளி தெரியும்.

2003 பிப்ரவரியில் கேரி பேட்டனை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு ரே ஆலனை வாங்கினார்கள். பேட்டன் பதின்மூன்றாவது ஆண்டாக அந்த ஒரே அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். எதிரியைத் தடுப்பதில் அவர் கைக்கு இணையில்லை, வாய்க்கும் இணையில்லை. அக்காவுக்கு அவர் ஆட்டத்தைவிட அந்த வாய்தான் பிடிக்கும். செய்தி வந்த சனிக்கிழமை வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் அமர்ந்திருந்தோம். கோவைக்காரர் மட்டும் பேரேட்டைத் திறந்தார். பேட்டனுக்கு முப்பத்து நான்கு வயது, ஆலனுக்கு இருபத்தேழு. "இது நட்டமே இல்லீங்க அண்ணா, முழு லாபம். உணர்ச்சிக்கு ஊதியக் கணக்குல பத்தி கிடையாதுங்க," என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பின்வந்த ஆண்டுகள் அவரை மெய்ப்பித்தன. அக்கா அன்று அவருக்குக் காப்பி கொடுக்க மறந்துபோனார். மறந்தாரா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சோனிக்ஸின் பெரும்பிழையையும் அவரே எங்களுக்குச் சொன்னார். 1987இல் தேர்வு நாளன்று ஸ்காட்டி பிப்பெனின் உரிமை அவர்கள் கையில் இருந்தது. ஓல்டன் பாலினிஸ் என்பவருக்காக அதைச் சிகாகோவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து இறுதிச் சுற்றில் ஜோர்டனுக்குப் பக்கத்தில் நின்று அவர்களை வீழ்த்தியவர் அதே பிப்பென். பேரேட்டில் அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடுகள்.

2007 கோடையில் இன்னொரு வரியை எழுதினார். ஃபீனிக்ஸ் அணி தன் ஊதியச் சுமையை இறக்கிவைக்க விரும்பி, முப்பத்து நான்கு வயதான கர்ட் தாமஸைச் சோனிக்ஸிடம் தள்ளிவிட்டது. அவரை ஏற்றுக்கொள்வதற்குக் கூலியாக இரண்டு முதல்சுற்றுத் தேர்வு உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தது. நாங்கள் சிரித்தோம். கிழவருக்கும் இரண்டு கடன்சீட்டுகளுக்கும் ஒரு வரியா என்றோம். "இருக்கட்டுங்க. விதை நெல்லுங்க இது," என்றார். இந்த வரியை நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

*

ஆட்டக்காரர் அணியின் உடைமையா என்ற கேள்விக்குச் சியாட்டில் ஒரு முக்கியமான ஊர். பள்ளி முடித்து நான்காண்டு ஆகாத எவரும் என்.பி.ஏ.வில் ஆடக் கூடாது என்ற விதியை மீறி, ஸ்பென்சர் ஹேவுட் என்ற இளைஞரை 1970இல் அன்றைய உரிமையாளர் சாம் ஷுல்மன் சேர்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1971இல் ஹேவுட் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கட்டிவைக்கும் வழக்கத்தை எதிர்த்து ஆஸ்கர் ராபர்ட்சன் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. ஆயினும், ஒப்பந்தம் தீர்ந்தவர் பழைய அணியின் தலையீடு ஏதுமின்றி நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற முழு விடுதலை 1988இல்தான் கிடைத்தது. அவ்விதம் முதன்முதலில் வெளியேறிய டாம் சேம்பர்ஸ், சோனிக்ஸிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனவர்.

இவற்றையெல்லாம் நாங்கள் வெறும் வரலாறாக மட்டும் பேசவில்லை. அண்ணனையும் அக்காவையும் தவிர, எங்களில் அனைவரும் அப்போது எச்-1பி விசாவில் இருந்தோம். அந்தத் தாள் எங்கள் பெயரில் இருந்தாலும் அதை வாங்கித் தந்தது நிறுவனம். நிறுவனம் மாறுவதென்றால் புதிய நிறுவனம் மனுச்செய்ய வேண்டும். நிரந்தரக் குடியுரிமைக்கான வரிசையில் நிற்பவர் அசைந்தால் வரிசை குலையும் என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. மில்லியன்களில் ஊதியம் பெறும் ஆட்டக்காரரோடு எங்களை ஒப்பிடுவது நகைப்புக்குரியது என்பதை அறிவோம். இருந்தும், எங்கிருந்து விளையாட வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிக்கும் வாழ்க்கையைப் பற்றி எங்களுக்குச் சிறிது தெரிந்திருந்தது.

*

இரண்டாம் வாதம், உரிமையாளர் வாதம், எங்கள் கூடத்தை இரண்டாகப் பிளந்தது.

ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளின் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு 2001இல் இருநூறு மில்லியன் டாலருக்கு அணியை வாங்கியது. அரங்கத்தைப் பெரிதாக்கப் பொதுப்பணம் கேட்டது. 1995இல்தான் பொதுப்பணத்தில் அதைப் புதுப்பித்திருந்தார்கள். சட்டமன்றம் மீண்டும் கொடுக்க முன்வரவில்லை. 2006 ஜூலையில் ஓக்லஹோமா நகரத்து முதலீட்டாளர் கிளே பென்னட்டின் குழுவுக்கு 350 மில்லியன் டாலருக்கு அணி கைமாறியது. அதே ஆண்டு நவம்பரில் நகர மக்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. இனிமேல் விளையாட்டு அரங்கத்துக்கு நகரம் பணம் தருவதென்றால், அரசுக் கடன்பத்திரம் தரும் அளவுக்காவது அதிலிருந்து வருவாய் வர வேண்டும் என்ற முன்மொழிவு அது. ஏறத்தாழ நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

எங்களுள் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் இருவரே. அண்ணனும் அக்காவும் இருவருமே ஆதரித்து வாக்களித்தனர். "நூலகத்துல புத்தகம் வாங்கக் காசில்லேன்னு சொல்லுற ஊரு, கோடீஸ்வரனுக்குக் கொட்டகை போட்டுக் குடுக்கணுமாக்கும்?" என்பது அக்காவின் வாதம். அதை மறுக்க எங்களால் முடியவில்லை. இன்றும் முடியவில்லை. ஆனால் அந்த வாக்கு, வெளியேற ஒரு காரணம் தேடியவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஐம்பது கோடி டாலரில் புறநகரான ரென்டனில் புதிய அரங்கம் வேண்டும் என்று 2007இல் புதிய உரிமையாளர்கள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில், உரிமைக் குழுவில் ஒருவரான ஆப்ரி மெக்லெண்டன், அணியைச் சியாட்டிலில் வைத்திருப்பதற்காக வாங்கவில்லை என்று ஓக்லஹோமாப் பத்திரிகை ஒன்றில் வெளிப்படையாகவே சொன்னார். சங்கம் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. உண்மையைச் சொன்னதற்கு விதிக்கப்பட்ட அபராதம் என்றார் அண்ணன்.

2008 ஏப்ரல் 13ஆம் நாள் கடைசி உள்ளூர் ஆட்டம். எதிரணி டாலஸ். நாங்கள் ஒன்பது பேர், உச்சிப் படிக்கட்டுகளில், மலிவான இருக்கைகளில். அந்த ஆண்டு சேர்ந்திருந்த கெவின் டுரான்ட் என்ற பத்தொன்பது வயது நெடியவன், ஆட்டத்தின் இறுதியில் கூட்டத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி இன்னும் உரக்கக் கத்தும்படி சைகை செய்தான். 99க்கு 95 என்று வென்றார்கள். மொத்தம் அறுபத்திரண்டு ஆட்டங்களில் தோற்ற ஆண்டில் அது ஒரு வெற்றி. ஐந்து நாட்களுக்குப் பிறகு உரிமையாளர்கள் கூடி, அணி ஓக்லஹோமாவுக்குப் போகலாம் என்று 28க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். மறுத்த இருவரில் ஒருவர் போர்ட்லண்ட் அணியின் உரிமையாளர் பால் ஆலன், சியாட்டில்காரர். மற்றவர் டாலஸ் உரிமையாளர் மார்க் கியூபன்.

அரங்கக் குத்தகை 2010 வரை இருக்கிறதென்று நகரம் வழக்குத் தொடுத்தது. 2008 ஜூனில் நடந்த விசாரணையில் நகரத்தின் தரப்புச் சாட்சிகளுள் ஒருவராக எழுத்தாளர் ஷெர்மன் அலெக்ஸி கூண்டேறினார். செவ்விந்தியப் பழங்குடியில் பிறந்த கதைக்காரர், அணியின் நீண்டகால ரசிகர். ஆட்டக்காரர்களைக் கிரேக்கத் தெய்வங்களோடு ஒப்பிட்டு அவர் பேசியதைச் செய்தியில் படித்தபோது அண்ணன் நெடுநேரம் மௌனமாக இருந்தார். ஒரு குத்தகை வழக்கில் இழப்பின் மதிப்பைச் சொல்ல ஒரு கதைக்காரரை அழைத்திருக்கிறார்கள். கணக்கரால் சொல்ல முடியாத தொகை ஒன்று இருக்கிறது என்று நகரமே ஒப்புக்கொண்டதாக அவருக்குப் பட்டது.

தீர்ப்பு வருமுன் ஜூலை 2ஆம் நாள் சமரசம் வந்தது. நாற்பத்தைந்து மில்லியன் டாலர் கொடுத்துக் குத்தகையை முறித்துக்கொண்டார்கள். சோனிக்ஸ் என்ற பெயரும் பச்சை, பொன் நிறங்களும் சியாட்டிலுக்கு. ஆட்டக்காரர்கள் ஓக்லஹோமாவுக்கு. நாற்பத்தோர் ஆண்டு வரலாறு இருவருக்கும் பொது. பாகப்பிரிவினைப் பத்திரம் போலவே இருந்தது அது. அதற்கு ஆறு நாட்கள் முன்புதான், இளைஞர் தேர்வில், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கின் பெயரும் செர்ஜ் இபாகாவின் பெயரும் சியாட்டிலின் பெயரால் அழைக்கப்பட்டிருந்தன.

"நீங்க போட்ட ஓட்டுதான் அக்கா," என்று எங்களுள் ஒருவர் அன்று சொல்லிவிட்டார். அவர் பெயரை எழுத வேண்டாம். அவர் எங்களுள் ஒருவர், அவ்வளவே. அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் சனிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. பிறகு அக்காவே எல்லோரையும் தொலைபேசியில் அழைத்தார். அணி இல்லாவிட்டாலும் சாப்பாடு உண்டு என்றார்.

*

2009 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், கோவைக்காரர் வேலைபார்த்த நிறுவனம் பலரை வீட்டுக்கு அனுப்பியது. அவரும் அதில் இருந்தார். பத்து நிமிடக் கூட்டம், ஓர் அட்டைப்பெட்டி. வேலை போன எச்-1பிக்காரருக்கு இன்றுள்ள அறுபது நாள் அவகாசம் 2017இல்தான் விதியாயிற்று. அன்று அதுவும் இல்லை. மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். கடன் நெருக்கடியின் உச்சம். வேறு வேலை எங்கும் இல்லை. சில வாரங்களில் வீட்டை ஒழித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று.

கிளம்புமுன் ஒரு சனிக்கிழமை வந்தார். தொலைக்காட்சி அணைந்திருந்தது. உணர்ச்சிக்குக் கணக்கில் பத்தி கிடையாது என்று அவர் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த வாக்கியம் எங்களுள் எவருக்கும் நினைவுக்கு வராமல் இல்லை. எவரும் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"என்னோட சம்பளத்துல அங்க ரெண்டு பேரு கிடைப்பாங்க அண்ணா. அந்த நாற்காலியில நான் இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பனுங்க."

"செஞ்சிருக்க மாட்ட தம்பி," என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் இரவுச் சாப்பாட்டை எடுத்துவைத்தார். அவர் தலைகுனிந்து நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில், மேசை, மகளின் மிதிவண்டி ஆகியவற்றை நாங்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டோம். பேரேட்டை மட்டும் எடுத்துச் சென்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வாதங்களில் ஒரு மாற்றம் வந்தது. ஒருவரை வேறு அணிக்கு அனுப்பியதாகச் செய்தி வந்தால், அவருக்குப் பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று யாராவது கேட்பார். கேட்பவர் எவரென்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

*

ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அணி வளர்ந்தது. சியாட்டில் தேர்ந்தெடுத்த டுரான்டும் வெஸ்ட்புரூக்கும், 2009இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் ஹார்டனும் சேர்ந்து 2012இல் அதை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அக்டோபரில், சில மில்லியன் டாலர் இடைவெளியில் பேச்சு முறிந்து, ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் மூவருமே எம்.வி.பி. ஆனார்கள்: டுரான்ட் 2014, வெஸ்ட்புரூக் 2017, ஹார்டன் 2018. சோனிக்ஸ் சட்டையில் நாற்பத்தோர் ஆண்டுகளில் ஒருவரும் பெறாத விருது அது.

2016இல் ஒப்பந்தம் முடிந்த டுரான்ட், தன் விருப்பப்படி கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். ஓக்லஹோமாவில் அவர் சட்டையை எரித்தார்கள், துரோகி என்றார்கள். செஞ்சோற்றுக் கடனை மறந்தவர் என்று எங்களுள் ஒருவரும் கொதித்தார். அக்கா சிரித்தார். ஓர் ஊரின் அணியை முழுதாகப் பெயர்த்து எடுத்துப் போனால் அது வணிகம், ஒற்றை ஆள் தன் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போனால் அது துரோகமா என்று கேட்டார். பதில் எங்களிடம் இல்லை.

மூன்றாம் வாதத்துக்கு இங்கே வந்துசேர்கிறோம். எம்.வி.பி. விருது 1956 முதல் வழங்கப்படுகிறது. முதல் கால் நூற்றாண்டு ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். 1981 முதல் விளையாட்டுச் செய்தியாளர்களும் வர்ணனையாளர்களும் வாக்களிக்கிறார்கள். மதிப்பு என்றால் என்ன என்று எந்த விதியும் வரையறுக்கவில்லை. சிறந்த அணியின் சிறந்தவரா, தான் இல்லாவிட்டால் சரிந்துவிடும் அணியைத் தனியே தாங்கியவரா? கோயில் கொடைகளில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த அண்ணன் இதை அர்ச்சுனனா கர்ணனா என்று சுருக்கிவிட்டார். டுரான்ட் போன பின் தனித்து நின்ற வெஸ்ட்புரூக், புள்ளி, பந்து மீட்பு, துணைவீச்சு மூன்றிலும் சராசரியாகப் பத்துக்கு மேல் எடுத்தார். 1962க்குப் பின், முன்பு வழக்குத் தொடுத்தாரே அந்த ராபர்ட்சனுக்குப் பின், அதைச் செய்தவர் அவரே. அணி வென்றதோ 47 ஆட்டங்கள். கர்ணன் பக்கம் அக்கா வாதிட்டார், வென்றார்.

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் ஓர் இரவு, டாலஸ் அணி லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியது. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்ற இருபத்தைந்து வயதுக்காரர் அவர். டாலஸ் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே, இருபத்தோர் ஆண்டு அந்த ஒரே அணியில் ஆடிய டர்க் நோவிட்ஸ்கியின் சிலையடியில் மலர் வைத்தார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் சியாட்டிலுக்காகக் கைதூக்கிய மார்க் கியூபன் 2023 டிசம்பரில் பெரும்பங்கை விற்றிருந்தார். தன் பழைய அணியின் அந்த முடிவில் அவர் கை இல்லை. பரிமாற்றத்தை நடத்திய மேலாளரை அதே ஆண்டு நவம்பரில் நீக்கினார்கள். அதனால் டான்சிச் திரும்பிவிடவில்லை. டாலஸ்காரர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்த உச்சிப் படிக்கட்டில் எங்கள் முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

நாங்கள் மூன்றாகப் பிரித்துப் பேசியது ஒரே கேள்வி என்பது அப்போதுதான் புரிந்தது. பரிமாற்றம் என்பது, ஒருவர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி. உரிமையாளர் வாதம், ஊர் நேசித்ததை விற்கும் உரிமை யாருக்கு என்பது. எம்.வி.பி. வாதம், மதிப்பு இவ்வளவு என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது. மூன்றிலும் எங்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. வாதிட்ட நேரத்தில் மட்டும் இருப்பதுபோல் நடந்துகொண்டோம். பெரிய பிழை என்று தோன்றவில்லை. பிழை, வாதத்தின் சூட்டில் மனிதரைப் பண்டமாகப் பேசப் பழகியதும், வேறொரு நாள் எங்கள் பண்டம் பறிபோனதற்காக ஒரு மூத்தவரின் மனத்தைப் புண்படுத்தியதும்.

*

2025 ஜூன் 22, ஞாயிறு மாலை. இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டம். ஓக்லஹோமா இந்தியானாவை 103க்கு 91 என்று வென்று, அந்த ஊருக்கு முதல் வாகையைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் எம்.வி.பி. விருதையும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றவர் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர். சியாட்டில் முழுவதும் அன்று ஒருவிதமான அமைதி. நாங்கள் கூடத்தில் இருந்தோம். எவரும் கைதட்டவில்லை, எவரும் எழுந்து போகவுமில்லை.

தொலைபேசி ஒலித்தது. கோவையில் திங்கள் காலை எட்டரை மணி.

"அக்கா, பேரேடு எடுத்து வெச்சிருக்கனுங்க. கொஞ்சம் கேளுங்க," என்றார். அண்ணன் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

அவர் படித்தார். 2007, கர்ட் தாமஸ், கூடவே ஃபீனிக்ஸின் இரண்டு தேர்வு உரிமைகள். சியாட்டிலில் எழுதிய வரி. 2008, அந்த உரிமையில் ஒன்றால் சியாட்டில் தேர்ந்தெடுத்தது இபாகாவை. 2016, இபாகாவை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்து ஒலாடிப்போ, சபோனிஸ் முதலியோர் வரவு. 2017, அவ்விருவரையும் இந்தியானாவுக்குக் கொடுத்து பால் ஜார்ஜ் வரவு. 2019, ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து கில்ஜியஸ் அலெக்சாண்டரும் இன்னொருவரும் ஐந்து முதல்சுற்று உரிமைகளும் வரவு. அவ்வுரிமைகளில் ஒன்று 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. இன்று கோப்பையைத் தூக்கிய இருவரும் அந்தக் கிழவரின் வழிவந்தவர்கள்.

"நடுவுல ஒரு வரிகூட அறுபடலீங்க. ஊரு மட்டும் மாறியிருக்குது. விதை நெல்லுன்னு சொன்னேன், நீங்கல்லாம் சிரிச்சீங்க," என்றார். பதினாறு ஆண்டுகளாக, பார்க்க ஆளில்லாத இடத்தில், அவர் அந்தக் கணக்கை விடாமல் எழுதிவந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. ஆட்டோ ஒன்றின் ஒலி கேட்டது. பிறகு கேட்டார்:

"செயிச்சது நம்ம அணிங்களா, இல்லீங்களா அக்கா? இந்தக் கோப்பைய வரவுல எழுதறதா, செலவுல எழுதறதான்னு தெரியலீங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். 2008க்குப் பின் அவரிடம் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் எழுதாத. நடுவுல எழுது," என்றார். "எழுதிட்டு இதைச் சொல்லு. புள்ளி, மீட்பு, துணைவீச்சு மூணுலயும் சராசரி பத்துக்கு மேல எடுத்த யோகிச்ச விட்டுட்டு, அறுபத்தெட்டு ஆட்டம் செயிச்ச அணியில இருக்கவனுக்கு எம்.வி.பி. குடுத்தது எந்த ஊரு நியாயம்?"

"ஏனுங்க அக்கா, நூறு ஓட்டுல எழுபத்தொண்ணு அவனுக்குத்தானுங்க முதல் இடம்!" என்றார் அவர். மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று பேச்சு முடிய இரவு பத்தரை ஆயிற்று.